அத்தானுக்கு முன்னுரிமை

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நான்கு இயந்திரங்கள் ஒரே சமயத்தில் ஓடிக்கொண்டிருந்தன. எந்த ரத்தக் குழாய் எப்போது எந்த இயந்திரத்துக்குள் போக வேண்டும் என்று நேரம் குறித்துக் கொடுப்பது கம்ப்யூட்டர். அதற்குச் சொந்தபந்தம் கிடையாது. அதனால்தானோ என்னவோ, பக்கத்தில் ஒரு டெக்னீஷியனையும் உட்கார வைத்திருந்தார்கள்.

காலையிலிருந்து அவனுக்கு அக்காவின் ஏழாவது போன்.

"உங்க அத்தானோட ரத்தம் வந்துடுச்சாடா?"

"வந்துடுச்சுக்கா. போலீஸ் சீல் போட்டு அனுப்பியிருக்காங்க."

அத்தான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஊருக்கே பிரேக் பிடிக்கக் கற்றுக்கொடுத்த மகான், நேற்று டிராஃபிக் போலீஸ்காரர் ஒருவரின் காலிலேயே காரை ஏற்றிவிட்டார். ரத்தத்தில் மது இல்லையென்றால் அபராதத்தோடு போகும். துளி இருந்தாலும் இரண்டு வருடம் உள்ளே.

"எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. உன்னைத்தான்டா நம்பியிருக்கேன்."

"அழாதே. நான் பார்த்துக்கறேன்."

மதியம் மூன்றாவது இயந்திரத்துக்குப் போக வேண்டிய அத்தானின் குழாயை, 'அவசரம்' என்று குறித்து முதல் இயந்திரத்துக்கு மாற்றினான். ஒவ்வொரு குழாய்க்கும் நடுவே உறிஞ்சும் ஊசியைக் கழுவ ஒதுக்கியிருந்த இரண்டு நிமிடத்தையும் நீக்கினான்.

பின்னால் மேலதிகாரி வந்து நின்றார். "என்னப்பா, வரிசை மாறுது? தெரிஞ்சவங்களா?"

"நேரம் மிச்சமாகும் சார்."

"குழாயை மாத்தி கீத்தி வெச்சுடாதே."

"சீல் நம்பரைப் பாருங்க சார்."

பார்த்தார். சரியாக இருந்தது. கடமையை முடித்த திருப்தியோடு டீ குடிக்கப் போனார்.

அரை மணியில் ரிப்போர்ட் வந்தது. டெக்னீஷியன் அக்காவைக் கூப்பிட்டான்.

"ரிப்போர்ட்ல மது இருக்குக்கா."

"எப்படிடா?" என்றாள் அக்கா, மெல்ல.

"இவருக்கு முன்னாடி போனது ஒரு மொடாக்குடியனோட ரத்தம். ஊசியைக் கழுவலையா, அதோட மிச்சம் இதுல கலந்துடுச்சு."

அக்கா மூக்கை உறிஞ்சினாள்.

"நீ நல்லா இருப்படா. இருபது வருஷமா நான் குளிக்கறதுக்கும் பேசறதுக்கும்கூட நேரம் குறிச்ச மனுஷன். காபிகூடத் தொடாதவரை எப்படிடா உள்ளே தள்ளப் போறோம்னு பயந்துட்டே இருந்தேன்."