கட்டில் காலி

அக்கா வாசற்படியிலேயே நின்றுவிடுகிறாள். கழுத்தில் தையற்கடை அளவு நாடா இன்னும் தொங்குகிறது. ஒரு செருப்பு எங்கே கழன்றதென்று தெரியவில்லை. வேலை போனதிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்தே கிடக்கும் தம்பிக்காகக் கட்டிலிலும் கதவிலும் அடுப்படியிலும் அவள் ஒட்டிவைத்த சென்சார்கள், அவன் அன்றாடத்தை மனப்பாடம் செய்துவிட்டன. எப்போது பார்த்தாலும் 'இப்போது படுத்திருப்பார்' என்றே சொல்லும் கைபேசி, சற்றுமுன் கடையில் அலறியது: 'கட்டில் காலி. சமையலறையில் நடமாட்டம். கேஸ் திறக்கப்பட்டது.' வழியெல்லாம் அவள் மனம் போட்ட கணக்குகளை வாய்விட்டுச் சொல்ல முடியாது. இங்கேயோ ஜன்னல் வெயில் அவன் முதுகில் விழுகிறது. வாணலியில் ஒரு முட்டை ஓரம் கருகிச் சீறுகிறது. ஒரு கையில் கரண்டி. இன்னொரு கை அலமாரியைத் துழாவுகிறது. அவள் வந்து நின்றதை உணர்ந்தும் திரும்பாமலே, "உப்பை எங்கக்கா வச்சுத் தொலைச்சே? பசி உயிர் போகுது" என்கிறான். பிறகுதான் திரும்பிப் பார்க்கிறான். "ஏன் இப்படி மூச்சு வாங்குது? நாய் துரத்துச்சா?" அவள் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்கிறாள். "மேல் தட்டுல இருக்குடா. எனக்கும் ஒண்ணு போடு." உள்ளங்கையில் கைபேசி மறுபடி அதிர்கிறது. இந்த நேரத்தில் சமையலறையில் நடமாட்டம் வழக்கமானதுதானா என்று கேட்கிறது. இரண்டாவது முட்டை உடைபடும் சத்தம் கேட்கும்வரை காத்திருந்து, 'ஆம்' என்பதை அழுத்துகிறாள்.