வேலிக்கு வெளியே

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் காலை.

“அம்சவல்லி, அந்த பிரஷ்ஷைக் கீழ வை. இனிமே நீ ரெசின் பக்கம் வரக் கூடாது.”

மேஸ்திரி கலியமூர்த்தி சொன்னால் யார்டில் மறுபேச்சு கிடையாது. சுனாமியில் போன படகுகளுக்குப் பதிலாக, அனுமந்தைக் கரையில் கீற்று வேலி கட்டி, கண்ணாடி நார் மேல் ரெசின் பசை பூசி ஃபைபர் படகு செய்கிற யார்டு அது.

“நான் என்ன தப்பு செஞ்சேன், மேஸ்திரி?”

“நாலு மாசமாமே. சொல்ல மாட்டியா?”

“சொன்னா நிறுத்திடுவீங்க.”

“யாரு நிறுத்துறது? வேலிக்கு வெளிய உக்காந்து வலைக்கு மிதவை கட்டு. அதே கூலி. மொதலாளிகிட்ட பேசிட்டேன்.”

அம்சவல்லி சிரித்தாள். “எங்க மாமியா உப்பளத்துல இடுப்பொடிய வேலை செஞ்சு ஏழு பெத்தாங்க.”

“உப்பு வேற, இது வேற. இந்த வாசம் மூக்கு வழியாப் போயி, ரத்தத்துல கலந்து, வயித்துல இருக்கிறதைத் தொடும். ரெசின் கம்பெனி ஆளு படிச்சுப் படிச்சு சொல்லிட்டுப் போனாரு.”

“உங்க வீட்லயும் விசேஷமாமே?”

கலியமூர்த்தியின் முகம் மலர்ந்தது. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து வருகிற பிள்ளை.

“தையல்நாயகிய இந்த வேலிப் பக்கமே விடுறதில்ல. சோத்தக்கூட நானே கட்டி எடுத்துக்கிட்டு வர்றேன்.”

“அடேங்கப்பா. கலெக்டர் ஆர்டராட்டம் இருக்குது” என்று மிதவைக் கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் வெளியே போனாள்.

சாயங்காலம் கலியமூர்த்தி நெஞ்சை நிமிர்த்தி வீட்டுக்கு நடந்தான். அவனுக்கு ஒரே ஒரு கவலைதான். மசக்கையில் தையல்நாயகிக்குத் தண்ணீர்கூட வயிற்றில் தங்குவதில்லை. இப்படியே போனால் பிள்ளை நிற்குமா என்று டாக்டரம்மாவே பயமுறுத்தியிருந்தார்.

வீட்டில் சோற்றுப் பானை காலியாக இருந்தது.

“நீயா சாப்பிட்ட?”

“ரெண்டு தபா. நாலு நாளா நல்லாத்தான் சாப்புடுறேன். நீங்க எங்க கவனிக்கிறீங்க?”

“டாக்டரம்மா மருந்து கேட்டுடுச்சா?”

“அதை யாரு குடிச்சா?”

வெட்கத்தோடு தலையணைக்கு அடியில் கையை விட்டு எடுத்தாள். நேற்று அவன் கழற்றிப் போட்ட வேலைச் சட்டை. ரெசின் திட்டுத் திட்டாகக் காய்ந்திருந்தது. அதை முகத்தில் பொத்திக்கொண்டு ஆழமாக மூச்சை இழுத்தாள்.

“இதை மோந்தாதாங்க குமட்டல் அடங்குது. நீங்க அசந்ததும் ராத்திரியெல்லாம் மூஞ்சியில போட்டுக்கிட்டுதான் தூங்குறேன். இதுல வாசம் போயிடுச்சு, இன்னிக்குப் போட்டிருக்கிறதைக் கழட்டிக் குடுக்கிறீங்களா?”