கூரைக்குள் ஒன்பதும் பதினாறும்

தலைமையாசிரியர் கடைசி பெஞ்சில் அமர்ந்தார். முழங்கால்கள் மேசைக்கடியில் அடங்க மறுத்ததால் பக்கவாட்டில் திரும்பி, மடியில் ஒரு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டார்.

"நான் இங்க இல்லைன்னு நினைச்சுக்கிட்டு நடத்துங்கம்மா" என்றார்.

அது அவ்வளவு எளிதாக இல்லை.

என்னுடைய ஒரு மாதத் தற்காலிகப் பணி அந்த வெள்ளிக்கிழமையோடு முடிவடைகிறது. என்னையே தொடரச் சொல்வதா, வேறொருவரை அழைப்பதா என்பதை இந்த ஒரு பாடவேளையைப் பார்த்துவிட்டு அவர் முடிவு செய்வதாக இருந்தது.

பத்தாம் வகுப்பு. வர்க்கமூலங்களைக் கூட்டுதல், கழித்தல்.

√12 + √27 என்று எழுதினேன். 2√3 + 3√3 எனப் பிரித்தேன். விடை 5√3.

அவர் பேனாவைத் திறந்து ஏதோ குறித்துக்கொண்டார்.

√50 − √8. விடை 3√2. மறுபடியும் குறித்துக்கொண்டார்.

நான் ஒரு வரி எழுதினால் அவரும் ஒரு வரி எழுதினார். அதற்குள் இத்தனை குறைகளா என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. நான் கரும்பலகையில் பிழை செய்தால், முதலில் கண்டுபிடிப்பவர் எழுந்து வந்து என் கையிலிருந்து சாக்பீஸை வாங்கிக்கொள்ளலாம். அதற்காகவே சில நாள் வேண்டுமென்றே பிழை செய்வேன். வகுப்பே 'ரேடியோ' என்று அழைக்கும் முதல் பெஞ்சு மாணவிதான் பெரும்பாலும் ஓடி வருவாள்.

மூலக்குறியைக் கூரை என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். ஒரே கூரைக்குள் கூட்டலில் நிற்கும் எண்களைத் தனித்தனியே வெளியே அழைக்கலாகாது. முதலில் கூட்ட வேண்டும், பிறகுதான் மூலம் காண வேண்டும்.

"எங்க சித்தி வீட்டுல வெளிய கிளம்புற மாதிரி டீச்சர். ஒருத்தர் ரெடியாகலைன்னா ஒருத்தரும் வாசலைத் தாண்ட முடியாது" என்று ரேடியோ அப்போது விளக்கம் அளித்திருந்தாள்.

மூன்றாவது கணக்காக √(9 + 16) எழுதினேன். விடையையும் எழுதினேன்.

ரேடியோ பாதி எழுந்தாள். கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

வகுப்பு வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தது. பெரியவர் முன்னிலையில் அடக்கமாக இருக்கிறார்கள் என்று எண்ணி உள்ளூர மகிழ்ந்தேன்.

மணி அடித்ததும் தலைமையாசிரியர் எல்லா நோட்டுகளையும் வாங்கி அடுக்கச் சொன்னார். அடுக்கிவிட்டுத் தற்செயலாகத் திரும்பியபோதுதான் கரும்பலகையைக் கண்டேன்.

√(9 + 16) = 3 + 4 = 7.

மூன்று வாரங்களாக எந்தப் பிழையைச் செய்யாதீர்கள் என்று தொண்டை வறளச் சொன்னேனோ, அதே பிழை. என் கையெழுத்தில்.

அழிக்கலாம் என்றால் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அழித்தும் பயனில்லை, முப்பத்திரண்டு நோட்டுகளில் அது ஏறியிருக்கும்.

அவர் ஒவ்வொரு நோட்டாகத் திறந்தார். பலகையைப் பார்த்தார். அடுத்ததைத் திறந்தார். மறுபடியும் பலகையைப் பார்த்தார்.

"எல்லா நோட்டுலயும் அஞ்சுன்னு இருக்கு. ஒருத்தர்கூட போர்டைப் பார்த்து எழுதலையே?"

முதல் பெஞ்சைப் பார்த்தேன். ரேடியோ மும்முரமாகத் தன் ரப்பரைப் பரிசோதித்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிக்கணும் சார். பிள்ளைங்க எழுதினதுதான் சரி. தப்பு என்னோடது."

அவர் மடியில் வைத்திருந்த தம்முடைய நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். என் குறைகளை அவர் முன்னாலேயே படிக்கும் நிலைக்கு மனத்தைத் தயார்படுத்திக்கொண்டு திறந்தேன்.

என்னைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

√12 + √27. √50 − √8. படிகள் விடாமல், குண்டு குண்டான கையெழுத்தில், ஓரக்கோடு போட்டு எழுதியிருந்தார். மூன்றாவது கணக்கின் விடைக்கு அடியில் மட்டும் இரண்டு கோடுகள்.

ஏழு.

"நான் சரித்திர வாத்தியார்ம்மா. போர்டுல இருந்ததை அப்படியே நம்பிட்டேன்" என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

முதல் பெஞ்சில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

நோட்டைத் திருப்பித் தர நீட்டினேன். அவர் வாங்கவில்லை. வாசலுக்குச் சென்று, செருப்பைச் சரிசெய்துகொண்டே சொன்னார்.

"திங்கட்கிழமை திருத்திக் குடுங்க."