விருந்தாளிக்கு வைத்த எலும்பு

பிஷ்கெக் விடுதி அறைக்கு அம்மா வந்திருந்தாள். கிர்கிஸ் வழக்கத்தில் விருந்தாளியின் தட்டில் மரியாதைக்கு எலும்பு வைக்காமல் முடியுமா? உருளைக்கிழங்கு சூப்பிலிருந்து சதையே இல்லாத பெரிய ஆட்டெலும்பை எடுத்து வைத்தாள் புருல்.

"தினமும் கறின்னு போன்ல சொன்னப்ப நான் நம்பல. சதையெல்லாம் நீயே தின்னுட்டியாக்கும்," என்று பூரித்த அம்மா, வழக்கப்படி விருந்தில் கிடைத்ததை வீட்டுக்கும் கொண்டுபோகப் பையில் போட்டு முடிச்சிட்டாள். "தம்பிக்கு ஒரு சூப்பாவது ஆகும்."

"அது வேணாம்மா..."

"ஏன், தம்பிக்குக் குடுக்க மனசு வரலியா?"

கதவு தட்டப்பட்டது. பக்கத்து அறை சைகல்.

"புருல், எலும்பைக் குடு. இன்னிக்கு எங்க சூப்புல போடற முறை. அடுத்து எதிர் ரூம்காரங்க வேற காத்திருக்காங்க."

புருல் நிமிரவில்லை. அம்மா முடிச்சை அவிழ்த்து, எலும்பைச் சைகலிடம் நீட்டினாள்.

"நீ தினமும் கறி சாப்பிடறேன்னுதான் வீட்ல சொல்வேன்," என்றாள், மகளைப் பார்க்காமல்.