வளைந்த ஊசி

துடைக்கிற துணி இசைத்தட்டுக் கருவியின் ஊசியில் மாட்டியதும் அவளுக்கு உயிரே போய்விட்டது.

மெல்ல விடுவித்தாள். ஊசியைத் தாங்கும் மெல்லிய கம்பி ஒரு பக்கமாக வளைந்திருந்தது.

புருஷன் ஒரு கல்யாணத்துக்குப் பொள்ளாச்சி போயிருந்தான். சாயங்காலம் வந்துவிடுவான். வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் இசைத்தட்டு போடுவான். மனைவியின் முகத்தைப் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

டர்ன்டேபிளில் தூசி இருந்தால் திட்டு. தொட்டாலும் திட்டு.

திட்டோடு போனால் பரவாயில்லை. போன வருஷம் ஒரு தட்டில் கீறல் விழுந்ததற்கு அவள் கையில் மாவுக்கட்டு. பாத்ரூமில் வழுக்கியது என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டாள். அவர்களும் நம்பினாற்போலவே இருந்தார்கள், புண்ணியவான்கள்.

அலமாரியில், ஊசியோடு சேர்ந்த அதே மாதிரிக் கார்ட்ரிட்ஜ் இன்னொன்று பெட்டியில் இருந்தது. இது தேய்ந்தபின் மாட்டுவதற்காக வாங்கி வைத்தது.

புதியதை மாட்டிவிட்டு வளைந்ததை அந்தப் பெட்டிக்குள் வைத்துவிட்டால்? அவன் பெட்டியைத் திறக்கும் நாளில் அடி வாங்கிக்கொள்ளலாம். இன்றைக்கு வேண்டாம்.

புருவம் திருத்தும் சாமணத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

நான்கு ஒயர்கள். சிவப்பு, பச்சை, வெள்ளை, நீலம். ஒவ்வொன்றாகப் பிடுங்கி, அந்தந்த நிறத்துக்கு நேராகச் செருகினாள். ஒரு திருகு கைதவறி விழுந்தது. தரையெல்லாம் தடவித் தேடி எடுத்தாள். அழவில்லை. அழுதால் கண் மங்கும்.

பெட்டியில் ஒரு அட்டை இருந்தது. இரண்டு புள்ளிகள், அவற்றைச் சுற்றிக் கட்டம் கட்டமாகக் கோடுகள். ஊசி இரண்டு புள்ளியிலும் உட்கார வேண்டும், இரண்டு இடத்திலும் கோட்டுக்கு நேராக நிற்க வேண்டும்.

அவன் இந்த அட்டையைப் பிரித்துப் பார்த்ததே இல்லை. 'எனக்குக் கண்ணே போதும்' என்பான்.

அவளுக்கு அந்தத் தைரியம் கிடையாது. அட்டை சொன்னபடியே செய்தாள்.

ஒரு புள்ளியில் சரியாக நின்றால் மற்றதில் கோணிக்கொண்டது. திருகைத் தளர்த்தினாள், நகத்தால் துளி நகர்த்தினாள், மறுபடி இறக்கினாள். எத்தனை தடவையோ. கடைசியில் இரண்டு இடத்திலும் நேராக நின்றது. சின்னத் தராசில் ஊசியை இறக்கி, அது அழுத்தும் எடையைப் பார்த்தாள். அட்டையில் போட்டிருந்த எடையே காட்டியது.

கேட் திறக்கும் சத்தம் கேட்டபோது அவள் அடுப்படியில் காபி கலந்துகொண்டிருந்தாள்.

அவன் நாதஸ்வரத் தட்டைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடினான். முதல் பாட்டு. இரண்டாவது. அவன் விரல்கள் தொடையில் தாளம் போட்டன. அவள் கதவோரமாக நின்று மூச்சை விட்டாள்.

கடைசிப் பாட்டு வந்தது.

தட்டின் நடுவை நெருங்கும்போது அங்கே எப்போதும் கரகரக்கும். தட்டு போட்ட கம்பெனிக்காரனை அவன் ஏசாத நாள் இல்லை.

இன்றைக்குக் கரகரப்பே இல்லை. உச்ச ஸ்தாயியில்கூட ஒரு பிசிறு இல்லை. நாதஸ்வரம் கூடத்துக்குள்ளேயே நின்று வாசித்த மாதிரி இருந்தது.

அவளுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. நானா செய்தேன் என்று ஒரு பெருமைகூட.

அவன் தாளம் நின்றது.

எழுந்து வந்து குனிந்து ஊசியைப் பார்த்தான். அவன் வைத்திருந்ததைவிடச் சற்றே உள்பக்கம் திரும்பியிருந்தது. வெகுநேரம் பார்த்தான்.

"நல்லாக் கைதேர்ந்தவன்தான். யாருடி வந்துட்டுப் போனான்?"

"யாரும் வரலீங்க. நான்தானுங்க மாத்துனேன். துணி மாட்டி ஊசி வளைஞ்சிருச்சு, அதனாலதான்..."

அவன் சிரித்தான்.

அவள் அலமாரிக்கு ஓடினாள். பெட்டியைப் பிரித்து, வளைந்த ஊசியை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். நான்தான் உடைத்தேன், நான்தான் என்று கெஞ்சினாள். காலையிலிருந்து எதை மறைக்கப் பாடுபட்டாளோ அதை அவன் நம்பினால் போதும் என்றிருந்தது.

அவன் அதைப் பார்க்கவே இல்லை.

போய்த் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினான். பிறகு அதே தட்டை முதலிலிருந்து வைத்துச் சத்தத்தைக் கூட்டினான்.