மூன்று நாள் விடுப்பு

வெளிநாட்டுச் சர்வதேசப் பள்ளியின் பணி ஒப்பந்தம் பதினேழு பக்கம். மாலைக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும். இதையெல்லாம் மனைவி நேசமலர்தான் படித்துச் சொல்வாள். வேதியியல் ஆசிரியர் தேவசகாயம் கையெழுத்து மட்டும் போடுவார். இப்போது அவரே வரிவரியாகப் படித்துவிட்டு, பள்ளியின் சென்னை அலுவலகத்துப் பெண்ணைத் தொலைபேசியில் அழைத்தார்.

"மனைவி இறந்தா மூணு நாள் விடுப்புன்னு போட்டிருக்கே, அதை அடிச்சிடுங்கம்மா."

"ஏன் சார், உங்களுக்கு நல்லதுதானே?"

"இனிமே தேவைப்படாதும்மா. விண்ணப்பம் போட்டப்ப இருந்தா. போன மாசம் போயிட்டா."

மறுமுனையில் தாள் புரண்டது. "ஐயோ, மன்னிச்சிடுங்க சார். அப்போ வருஷத்துக்கு ஒருதடவை மனைவிக்கு விமான டிக்கெட்னு இருக்கே, அதையும் எடுத்துடவா?"

அவர் பக்கங்களைத் திருப்பி அந்த வரியைக் கண்டுபிடித்தார். இரண்டு முறை படித்தார்.

"அது இருக்கட்டும்மா."