பவானியின் கடிவாளம்

கும்மிடிப்பூண்டிக் கல்யாண ஊர்வலங்களில் மாப்பிள்ளைகளைச் சுமந்த குதிரை பவானியை வாங்கிப்போக ஒருவர் லாரியோடு வந்துவிட்டார். முதலாளி சடையப்பன் கொட்டகைக்குள் வந்தபோது, குதிரையைப் பார்த்துக்கொள்ளும் கோபால் கடிவாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இன்னா கோபாலு, போற குதிரைக்கு இவ்ளோ மினுக்கா?”

“ஒம்போது வருசம் நான் மாட்டிவுட்டது மொதலாளி. அழுக்கா அனுப்ப மனசு வரல.”

“வாசனை ஒரு மாதிரி கீதே?”

“வேப்பெண்ணெய். தோல்ல பூஞ்சை புடிக்காது.”

வாங்க வந்தவர் கடிவாளத்தை நீட்டினார். பவானி தலையை உதறிக்கொண்டு பின்வாங்கியது. எத்தனை முறை முயன்றும் வாயைத் திறக்கவில்லை.

“தள்ளு நைனா, முரண்டு புடிச்சா இதான் மருந்து” என்று அவர் சாட்டையை எடுத்தார்.

முதல் அடி விழுந்ததும் பவானி கோபாலைத் திரும்பிப் பார்த்தது.

கோபால் ஓடிப்போய்க் கடிவாளத்தைப் பிடுங்கினார். தோள்துண்டால் எண்ணெயை அழுத்தித் துடைத்தார். வாயில் வைக்கும் இரும்பைக் கழுவி, வழக்கம்போல் தேங்காயெண்ணெய் தடவினார். பவானி தானாக வாயைத் திறந்தது. அவர் தோளை உரசிக்கொண்டே லாரியில் ஏறியது.

“வேப்பெண்ணெய் அதுக்கு ஆவாதா கோபாலு?”

“எப்பவுமே ஆவாது மொதலாளி. தெரிஞ்சுதான் தடவினேன். வேணாம்னு உட்டுட்டுப் போய்டுவாருன்னு பார்த்தேன்” என்றார் கோபால். “அடி விழும்னு நெனைக்கல.”